அடிக்கிற கை அணைத்தால் போதுமா?

(கல்லூரி ஒன்றின் மனையியல் துறையில் 31 வருடம் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியை, வாசகர்களின் குடும்பக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. போன வாரம் கழித்தல் கணக்கு போடும்போது கடன் வாங்க மறந்துகொண்டே இருந்தான். நாலாவது தடவையும் தப்பாகப் போட்டதும் ஸ்கேலால் கையில் அடித்துவிட்டேன். வரி வரியாகத் தடித்துவிட்டது. ராத்திரி அவன் தூங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் மாமியார், “அடிக்கிற கைதான் அணைக்கும், இதுக்குப் போய் அழுவாங்களா?” என்கிறார். அவர் சொல்வது சரியா? நாமும் அடிவாங்கித்தானே வளர்ந்தோம்?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதம் என்னை 1989-க்குக் கொண்டுபோய்விட்டது. அப்போது என் மகள் மூன்றாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாடு அவளுக்கு வரவே இல்லை. காலையில் குழந்தைகளின் மனதைப் பற்றி மாணவிகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்தவள்தான் நான். சாயங்காலம் “ஏழெட்டு எவ்வளவு?” என்று கேட்டு, பதில் வராததால் கன்னத்தில் அறைந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்த பால்கோவா வாங்கிவந்து ஊட்டினேன். மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தேன். அறைந்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அம்மா என்ற மதிப்பு போய்விடும் என்று நினைத்தேன்.

இருபது வருடம் கழித்து, தன் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “அந்தப் பால்கோவா தொண்டையிலேயே நின்னுச்சும்மா. எதுக்கு அடிச்சே, எதுக்கு ஊட்டுறேன்னு ஒண்ணும் புரியலை.”

உங்கள் மாமியார் சொன்ன பழமொழியை ஆராய்ச்சிக்காரர்களும் ஒருவகையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்டு என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் சீனா, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து உட்பட 8 நாடுகளில் ஏறக்குறைய 1,200 குடும்பங்களைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2014-ல் எழுதினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி நம் வீட்டுக் கேள்விதான்: அடிக்கிற அம்மா பாசமாகவும் இருந்தால் அடியின் பாதிப்பு போய்விடுமா? முழுசாகப் போகவில்லை. சில நாடுகளில், நிறைய அடியும் நிறைய பாசமும் ஒரே அம்மாவிடமிருந்து வாங்கிய பிள்ளைகளுக்குப் பதற்றம் வருடத்துக்கு வருடம் கூடியிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பால்கோவாதான் கண்ணில் வந்தது.

“நாமும் அடிவாங்கித்தானே வளர்ந்தோம்” என்ற கேள்வியும் நியாயமானது. இதே லான்ஸ்ஃபோர்டு 2005-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் இந்தியாவும் இருக்கிறது. சீனா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, இந்தியா ஆகிய ஆறு நாடுகளில் 336 தாய்-பிள்ளை ஜோடிகள். ஊரே அடித்து வளர்க்கிற இடத்தில், அடிவாங்குவதற்கும் பிள்ளையின் முரட்டுத்தனம், பதற்றம் ஆகியவற்றுக்கும் இருந்த தொடர்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. ‘எல்லார் வீட்டிலும் இப்படித்தான்’ என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. ஆனால் குறைந்ததே தவிர மறையவில்லை. அடி பழக்கமான ஊரிலும் அதிகம் அடிவாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் கூடவே இருந்தன. ‘முரட்டுப் பிள்ளையைத்தானே அதிகம் அடிப்பார்கள், அடியால்தான் முரடானது என்று எப்படிச் சொல்வது?’ என்று என் மாணவிகள் எப்போதும் கேட்பார்கள். அதற்காகத்தான் பிள்ளை முதலில் எப்படி இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்து, வருடக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் அடி நிலைமையை மோசமாக்குகிறதே தவிர, சரியாக்கவில்லை. எலிசபெத் கெர்ஷாஃப் என்ற ஆய்வாளர் 2016-ல் 75 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். அவற்றில் சுமார் 1,60,000 பிள்ளைகள். பின்புறத்தில் தட்டுவது போன்ற சாதாரண அடியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அதனால் பிள்ளை திருந்தியதாக எங்கும் தெரியவில்லை. அப்பா அம்மாவோடு உள்ள உறவு கெடுவது மட்டும் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் அடிப்பதை நம் நாட்டின் 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. ஸ்வீடன் 1979-லேயே வீட்டுக்குள்ளும் தடுத்தது. மக்களுக்குத் தெரியட்டும் என்று பால் பாக்கெட் அட்டையிலேயே அச்சடித்தார்கள். காலையில் பால் ஊற்றும்போது குடும்பமே படிக்கட்டும் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. இன்றைக்கே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அன்னிக்கு உன்னை அடிச்சது அம்மா செஞ்ச தப்பு. கணக்கு வரலைன்னா சொல்லிக்கொடுக்கணும், அடிக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். “நீயும் கவனமா போட்டிருக்கலாம்ல” என்று ஒரு வால் சேர்த்தால், சொன்னதெல்லாம் வீணாகிவிடும். அப்புறம் பத்து ரூபாய்த் தாள்கள் ஐந்தும் ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டும் அவன் கையில் கொடுங்கள். “27 ரூபாய் எனக்குக் கொடு” என்று கேளுங்கள். இரண்டு நாணயத்தை வைத்துக்கொண்டு ஏழு எப்படிக் கொடுப்பது என்று முழிப்பான். ஒரு பத்து ரூபாய்த் தாளைச் சில்லறை மாற்ற வேண்டும் என்று அவனுக்கே தோன்றும். கழித்தலில் கடன் வாங்குவது அவ்வளவுதான். என் மகளுக்கு வாய்ப்பாட்டைப் புளியங்கொட்டை அடுக்கித்தான் கடைசியில் வரவழைத்தேன்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவரும் அடிவாங்கிய பிள்ளைதான்.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் வீட்டுக் கடன் தவணை விஷயமாக அடிக்கடி சண்டை. ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீடு. ஆறு வயது மகள் எல்லாவற்றையும் கேட்கிறாள். அவளுக்காகச் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டோம். இப்போது சண்டை வந்தால் இரண்டு மூன்று நாள் பேசிக்கொள்வதில்லை. நேற்று மகள் வந்து, “அப்பா, டீ வேணுமான்னு அம்மா கேக்குறாங்க” என்றாள். மனைவி அப்படிக் கேட்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. இது நல்லதா, கெட்டதா?
— ஒரு தந்தை, சென்னை

பதில்: ஆறு வயதுப் பிள்ளை உங்கள் வீட்டுச் சமாதானத் தூதராகிவிட்டது. அவள் கெட்டிக்காரி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இந்த வேலை அவளுக்குப் பெரிய பாரம்.

மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் அப்பா அம்மா சண்டையைப் பிள்ளைகள் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். பெரியவர்கள் சண்டை போடுவது போல நடித்துக்காட்டி, அதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தையும் பேச்சையும் கவனிப்பார். சண்டை ஒன்றுதான், முடிவு வேறு வேறு. முழுக்கச் சமாதானமாகி முடிந்தால் பிள்ளைகள் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கே வந்துவிட்டார்கள். பாதி சமாதானத்துக்குப் பாதி நிம்மதி. முடிவே தெரியாமல் போனால் கோபமும் வருத்தமும் அப்படியே தங்கியது. உங்களுக்கு முக்கியமானது அடுத்தது: பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் பிள்ளைகள் சண்டையாகத்தான் பார்த்தார்கள், அதனாலும் கலங்கினார்கள். ஆக, சத்தத்தை நிறுத்தியதால் உங்கள் மகளுக்குச் சண்டை நின்றுவிடவில்லை. எப்போது முடியும் என்று தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

நாங்கள் ஐந்து பேர், சின்ன வீடு. அப்பா அம்மா சண்டை எங்களுக்குத் தெரியாமல் நடந்ததே இல்லை. அம்மா தட்டை எப்படி வைக்கிறாள் என்று எல்லாரும் காது கொடுத்துக் கேட்போம். ‘ணங்’ என்று வைத்தால் இன்னும் முடியவில்லை. “சாப்பிட வாங்க” என்ற குரல் வந்துவிட்டால் முடிந்தது. ஐந்து பேரும் மூச்சு விடுவோம். இன்றைக்கும் அந்த “சாப்பிட வாங்க” என் காதில் இருக்கிறது.

கம்மிங்ஸ் இன்னொன்றும் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு சமாதானமானாலும், பிறகு அதைப் பிள்ளையிடம் வாயால் சொன்னால் அதுவும் பலன் தந்தது. அதனால் எல்லாவற்றையும் அவள் முன்னால் பேசித் தீர்க்க வேண்டியதில்லை. பேசி முடித்த பிறகு இருவரும் சேர்ந்து, “அப்பாவும் அம்மாவும் காசு விஷயமா சண்டை போட்டோம். பேசி முடிவு பண்ணிட்டோம். உன்னால வந்த சண்டை இல்லை. டீ கேக்குற வேலையும் இனிமே உனக்கு இல்லை” என்று சொல்லுங்கள். பொய்யாகச் சொல்லக் கூடாது. உண்மையில் முடியாத சண்டையை முடிந்தது என்று சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். தவணைக் கணக்கை மாதம் ஒரு நாள், அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, ஒரு தாளில் எழுதிப் பேசுங்கள்.

இதெல்லாம் வாய்ச் சண்டைக்குத்தான். கை நீள்கிற வீடாக இருந்தால் சமாதானம் சொல்லிக் கடந்துபோகிற விஷயமே இல்லை. இதைப் படிக்கிற பெண்கள் யாருக்காவது வேண்டுமானால் பெண்களுக்கான உதவி எண் 181-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு மிட்டாயை வைத்து, “பொறுத்திருந்தால் இரண்டு தருவேன்” என்று சொல்லும் சோதனையை வீடியோவில் பார்த்து என் நான்கு வயது மகனுக்குச் செய்தேன். அரை நிமிடத்தில் தின்றுவிட்டான். அவன் எதிர்காலம் என்ன ஆகும்?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒன்றும் ஆகாது. வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து நர்சரியில் செய்த சோதனை அது. பொறுத்திருந்த பிள்ளைகள் பின்னால் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள் என்று அதை வைத்துச் சொன்னார்கள். 2018-ல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பச் சூழலையும் சிறுவயதுத் திறமையையும் கணக்கில் எடுத்தால், மிட்டாய்க்கும் பின்னால் வரும் மதிப்பெண்ணுக்கும் பெரிய தொடர்பு மிஞ்சவில்லை. 2013-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சின்னச் சோதனை ஒன்றை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். முதலில் ஒரு பெரியவர் பிள்ளைகளுக்கு நல்ல கிரேயானும் ஸ்டிக்கரும் கொண்டுவருவதாகச் சொன்னார். சிலரிடம் சொன்னபடி கொண்டுவந்தார், சிலரை ஏமாற்றினார். பிறகுதான் மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை பார்க் போகலாம் என்று சொல்லியிருந்தால் கூட்டிப் போங்கள்.

கேள்வி: நான் நர்ஸ். குழந்தைக்கு 11 மாதம். ஷிஃப்டுக்குப் போகும்போது என் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். நான் வந்து கை நீட்டினால் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாயியிடமே தாவுகிறான். அவனுக்கு நான் அம்மா இல்லாமல் போய்விடுவேனா? வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
— ஒரு தாய், நாமக்கல்

பதில்: வேலையை விடுவது உங்கள் குடும்பத்துக் கணக்கு, அதில் நான் தலையிடவில்லை. இந்தப் பயத்துக்காக விட வேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி 10 இடங்களில் 1,364 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த பெரிய ஆய்வு உண்டு. குழந்தை 15 மாதமாக இருந்தபோது பார்த்தார்கள். வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்ற ஒரே காரணத்தால் தாய்ப்பாசம் குலையவில்லை. அம்மா கூட இருக்கிற நேரத்தில் குழந்தையின் அழுகையையும் சிரிப்பையும் கவனித்துப் பதில் கொடுக்கிறாளா என்பதுதான் பெரிதாக இருந்தது.

பல கைகளில் பிள்ளை வளர்வது நமக்குப் புதிதும் இல்லை. மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, 1990-ல் ஒரு புத்தகமாக எழுதினார். பெற்ற பிள்ளை, உடன்பிறந்தாள் பிள்ளை என்று பிரிக்காமல் கலந்து வளர்ப்பதையும், தாய் தன் அன்பை வெளியே கொட்டாமல் அடக்கி வைப்பதையும் அவர் ஆச்சரியத்தோடு கவனித்திருக்கிறார்.

முகத்தைத் திருப்பிக்கொள்கிறானே என்கிறீர்கள். எங்கள் துறையில் ஒரு நர்சரி இருந்தது. மாணவிகள் வலை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் செய்வதைக் குறித்துவைப்பார்கள். சாயங்காலம் அம்மா வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு, இரண்டு நிமிடம் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் மெல்ல வந்து மடியில் விழுந்தவர்களும் உண்டு. அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுங்கள். குளித்து உடை மாற்றி, அவன் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். பிடுங்கித் தூக்க வேண்டாம்.

எட் ட்ரானிக் என்பவர் 1970-களில் தாயும் குழந்தையும் கொஞ்சிக்கொள்வதைப் படமெடுத்து, நொடி நொடியாகப் பார்த்தார். நல்ல அம்மாவும் நல்ல குழந்தையும் கூடச் சுமார் 30 சதவீத நேரம்தான் ஒருவருக்கொருவர் சரியாகப் பொருந்தியிருந்தார்கள். மீதி நேரம் அம்மா சிரிக்கும்போது குழந்தை வேறெங்கோ பார்க்கும், குழந்தை கூப்பிடும்போது அம்மா கவனிக்க மாட்டாள். பிறகு இருவரும் தேடிப் பிடித்துச் சேர்ந்துகொள்வார்கள். இப்படி விட்டுவிட்டுச் சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கை கற்கிறது என்பது அவர் கருத்து. இரவு ஷிஃப்ட் முடித்து வருகிற அம்மாவால் அது முடியும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளின் போனைத் தினமும் ராத்திரி எடுத்துப் பார்க்கிறேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது என்னிடம் எதுவுமே சொல்வதில்லை.
— ஒரு தாய், ஈரோடு

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிற அம்மா யார்?

ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்கள் பெற்றோரையும் விசாரித்து 2000-ல் எழுதினார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் வம்பில் மாட்டுவது குறைவு என்பது பழைய முடிவு. ‘அப்படியானால் கண்காணி’ என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம், நானும் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். இவர்கள் ஒரு படி மேலே போய், அந்தப் பெற்றோருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். பெரும்பாலும் பிள்ளையே தானாக வந்து சொன்னது! துருவிக் கேட்டதும் காவல் வைத்ததும் அவ்வளவாக உதவவில்லை.

போனைப் பார்த்து நீங்கள் நாலு செய்தியைத் தெரிந்துகொண்டீர்கள், அவள் வந்து சொல்லியிருக்கக்கூடிய நாற்பது நின்றுபோனது. “தெரியாம பார்த்தது தப்பு, இனிமே பார்க்க மாட்டேன். ராத்திரி பத்து மணிக்கு எல்லார் போனும் ஹால்ல சார்ஜ்ல இருக்கும், என்னோடதும்தான்” என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் அவள் ஏதாவது சொல்ல வந்தால், முதல் ஐந்து நிமிடம் புத்திமதி சொல்லாமல் கேளுங்கள். சப்பாத்தி தேய்க்கும்போது, துணி மடிக்கும்போதுதான் இந்த வயதுப் பிள்ளைகள் பேசும். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாய் திறக்காது.

கேள்வி: என் தங்கை வீட்டுக்காரர் குடிப்பவர். தினமும் ரகளை. அவர்கள் மகனுக்குப் பத்து வயது. இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. சனிக்கிழமைகளில் வருவான், தோசை கேட்பான், டிராயிங் நோட்டில் ஏதாவது வரைவான், அதை இங்கேயே விட்டுவிட்டுப் போவான். வீட்டில் கிழித்துவிடுவார்களாம். பெற்றவர்கள் சரியில்லாதபோது பெரியம்மா நான் என்ன செய்துவிட முடியும்?
— ஒரு வாசகி, ராமநாதபுரம்

பதில்: அம்மா, இந்த மாதம் வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு பெண்கள் நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். கரும்புத் தோட்டங்களும் அன்னாசித் தோட்டங்களும் நிறைந்த ஏழைத் தீவு அது. அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு வறுமை, குடிகாரத் தகப்பன், மனநோய், ஓயாத சண்டை என்று பல கஷ்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. அவர்களில் பலர் பள்ளியிலோ பதின்வயதிலோ தடுமாறினார்கள். ஆனால் மூன்றில் ஒருவர் நல்லபடியாக, நம்பிக்கையோடு, மற்றவர்களிடம் அன்பாக இருக்கிற மனிதராக வளர்ந்தார்கள். எது அவர்களைக் காப்பாற்றியது என்று தேடியபோது, ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் மாறாமல் நின்ற ஒருவராவது இருந்தார். பாட்டி, தாத்தா, சித்தி, அத்தை, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர். பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தடுமாறியவர்களிலும் நிறைய பேர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

என் மாணவி ஒருத்தி முதல் வருடத்தில் யாரிடமும் பேச மாட்டாள். குடிகாரத் தகப்பன் என்று பிறகு தெரிந்தது. “உனக்கு யார் இருக்கா?” என்று கேட்டேன். “எங்க தெரு முக்குல இட்லி விக்கிற ஆயா” என்றாள். பள்ளிக்கூடம் போகும்போது தினமும், “சாப்பிட்டியா கண்ணு?” என்று அந்த ஆயா கேட்பாராம். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாலும் இரண்டு இட்லி கொடுப்பாராம். படித்து முடித்து, இப்போது அவளே அங்கன்வாடி ஒன்றை நடத்துகிறாள்.

அதனால் சனிக்கிழமையை விட்டுவிடாதீர்கள். வெளியூர் போகவேண்டி வந்தால் முன்கூட்டியே அவனிடம் சொல்லுங்கள், எப்போது திரும்புவீர்கள் என்றும் சொல்லுங்கள். அவன் அப்பாவைத் திட்டாதீர்கள். தன் அப்பாவைத் திட்டுகிற வீட்டுக்கு அவன் கொஞ்ச நாளில் வராமல் போய்விடுவான். “உங்க வீட்ல நடக்கிறதுக்கு நீ காரணம் இல்லை” என்று ஒரு முறையாவது அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் தன்னால்தான் எல்லாம் என்று நினைத்துக்கொள்வார்கள். ரகளை நடக்கிற ராத்திரிகளில் நேரே உங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அவனிடமும் உங்கள் தங்கையிடமும் இப்போதே பேசி வையுங்கள். அவனை அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் யோசிக்காமல் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

டிராயிங் நோட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவனுக்குக் காட்டுங்கள். அவன் கைக்கு எட்டுகிற அலமாரித் தட்டாகப் பார்த்து வையுங்கள்.